நம் எம்.பி. எப்படி வாக்களித்தார் என்று எங்கே பார்ப்பது? குரல் வாக்கெடுப்பில் கரைந்துபோகும் பெயர்கள்

வைகைக்கரையான்

எங்கள் தொகுதி எம்.பி.யின் ஐந்தாண்டுச் சாதனை என்று எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் வீட்டுக்கு வந்தது. சாலை, உயர்கோபுர மின்விளக்கு, பயணியர் நிழற்குடை எல்லாம் வண்ணப் படங்களுடன். ஆறாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: குறிப்பிட்ட ஒரு மசோதாவை நாடாளுமன்றத்தில் கடுமையாக எதிர்த்ததாக. அந்த மசோதா என் பிழைப்போடு நேரடியாகத் தொடர்புடையது. அதனால் அந்த வரி என்னை விடவில்லை. எதிர்த்தார் என்றால் என்ன? பேசினாரா, வெளியே போனாரா, எதிர்த்து வாக்களித்தாரா?

மூன்று இரவுகள் உட்கார்ந்து மக்களவை இணையதளத்தில் தேடினேன். அன்றைய விவாதம் முழுவதும் ஒரே பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கிறது. நம் எம்.பி. பேசியிருக்கிறார். எதிர்த்துத்தான் பேசியிருக்கிறார், நன்றாகவே பேசியிருக்கிறார், ஒன்றரைப் பக்கம். அதன் பிறகு அமைச்சரின் பதில். அதன் பிறகு சபாநாயகர் மசோதாவை வாக்கெடுப்புக்கு விடுகிறார். அடுத்த வரியிலேயே "தீர்மானம் ஏற்கப்பட்டது". அவ்வளவுதான். யார் ஆம் என்றார்கள், யார் இல்லை என்றார்கள், அந்த நேரத்தில் அவையில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு சொல் கிடையாது.

மசோதாவின் பெயரைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பேச்சு முழுவதும் அவரைப் பற்றியே போய்விடும். எனவே சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது பொதுவான ஒன்று. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் ஐந்து ஆண்டுகளில் எதற்கெல்லாம் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியல் எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் இல்லை?

கரிசல்காட்டுக்காரி

பி.ஆர்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆய்வு அமைப்பின் தளத்தில் ஒவ்வொரு எம்.பி.க்கும் ஒரு பக்கம் இருக்கிறது, அண்ணா. வருகை, கேட்ட கேள்விகள், பங்கேற்ற விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருபவை), தேசிய சராசரியோடு ஒப்பிட்டு எல்லாம் இருக்கும். தேர்தல் நேரத்தில் பத்திரிகைகள் போடும் பட்டியல்கள் பெரும்பாலும் அங்கிருந்து எடுப்பவைதான். வாக்குப் பதிவு மட்டும் இல்லை. நானும் தேடியிருக்கிறேன்.

வைகைக்கரையான்

பார்த்தேன் தங்கையே. எங்கள் எம்.பி.யின் வருகை நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஐந்தாண்டுகளில் வருகை என்பது பதிவேட்டில் கையெழுத்து. காலையில் கையெழுத்திட்டவர் மாலையில் மசோதா நிறைவேறும்போது இருக்கையில் இருந்தாரா என்பதை அந்த எண் சொல்லாது. அமைச்சர்கள் அந்தப் பதிவேட்டில் கையெழுத்தே போட்டதில்லை.

மாடத்து இருக்கை

தம்பி, நான் பல ஆண்டுகள் டெல்லியில் செய்தியாளனாக இருந்தவன். பழைய கட்டடத்தின் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பட்டியல் இல்லாததற்குக் காரணம் யாரும் மறைத்து வைத்ததல்ல. பெரும்பாலான மசோதாக்களில் பெயர்கள் பதிவாவதே இல்லை, அதுதான் காரணம்.

நடைமுறை இதுதான். சபாநாயகர் தீர்மானத்தைப் படிப்பார். ஆதரிப்போர் "ஆம்" என்பார்கள், எதிர்ப்போர் "இல்லை" என்பார்கள். சத்தத்தைக் கேட்டு, "ஆம் என்போரே அதிகம் என்று கருதுகிறேன்" என்று அறிவிப்பார். யாரும் மறுக்காவிட்டால் முடிந்தது. இது குரல் வாக்கெடுப்பு. மக்களவையில் முந்நூறு பேர் பெரும்பான்மை உள்ள அரசு இருக்கும்போது சத்தத்தை எடைபோடுவதில் பிழை வராது, உண்மைதான். ஆனால் சத்தத்துக்குப் பெயர் கிடையாது.

சபாநாயகரின் கருத்தை ஒரே ஒரு உறுப்பினர் மறுத்து "டிவிஷன்", அதாவது எண்ணிப் பதிவு செய்யும் வாக்கெடுப்பு, வேண்டும் என்று கேட்டாலும் காட்சி மாறிவிடும். வெளி அறைகளைக் காலி செய்யச் சொல்வார். மணி அடிக்கத் தொடங்கும், மூன்றரை நிமிடம். நூலகத்திலிருந்து, மைய மண்டபத்திலிருந்து, தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு உறுப்பினர்கள் ஓடிவருவார்கள். மணி நின்றதும் கதவுகள் மூடப்படும். பழைய அவையில் ஒவ்வொரு இருக்கைக்கும் பொத்தான்கள் இருந்தன: ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, வாக்களிக்காமல் இருக்க மஞ்சள். ஒரு கையால் வாக்கை இயக்கும் பொத்தானையும் மறு கையால் இந்த மூன்றில் ஒன்றையும் ஒரே நேரத்தில் அழுத்தி, இரண்டாவது மணியோசை வரை பிடித்திருக்க வேண்டும். பத்து விநாடி. அத்தனை பேரும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும் அந்தப் பத்து விநாடிகளில் அவை அமைதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வேறு எப்போதும் அப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை.

டிவிஷன் நடந்தால்தான் அன்றைய விவாதப் பதிவின் கடைசியில் ஆதரித்தோர், எதிர்த்தோர் என்று அகர வரிசையில் பெயர்கள் அச்சாகும். நீ தேட வேண்டிய பக்கம் அதுதான். நீ சொல்வதைப் பார்த்தால், உன் எம்.பி. பேசிய மசோதாவில் யாரும் டிவிஷன் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

வைகைக்கரையான்

ஐயா, கடைசி வரி நெஞ்சில் தைத்தது. அவரே கேட்டிருக்கலாமா? ஒருவர் கேட்டாலே போதுமா?

மாடத்து இருக்கை

போதும். 2019 ஜூலையில் தேசியப் புலனாய்வு முகமைத் திருத்த மசோதாவில் ஐதராபாத் எம்.பி. ஒவைசி டிவிஷன் கேட்டார். அமித் ஷாவும் நடக்கட்டும், யார் எந்தப் பக்கம் என்று நாடு பார்க்கட்டும் என்றார். 278 ஆதரவு, 6 எதிர்ப்பு. ஆறு பேர்தான், ஆனால் அந்த ஆறு பேர் யார் என்று இன்றும் பார்க்கலாம். ஆதரித்த 278 பேரையும் பார்க்கலாம், அது இன்னும் முக்கியம்.

சட்டம் படிப்பவள்

மாடத்து ஐயா சொன்னதோடு ஒரு விதியைச் சேர்க்கிறேன். மக்களவை விதி 367-இல் ஒரு விலக்கு இருக்கிறது. டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால், இரு தரப்பையும் அவரவர் இடத்தில் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணி முடிவை அறிவிக்கலாம். அப்படிச் செய்யும்போது பெயர்கள் பதிவு செய்யப்படமாட்டா என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. எனவே கேட்டாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

அரசியல் சாசனத் திருத்தம் என்றால் இந்தச் சிக்கல் வராது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் தேவை என்பதால் எண்ணித்தான் ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது நமக்குத் துல்லியமாகத் தெரிவது அதனால்தான்.

அந்த மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு கறாரானது என்பதற்கு எங்கள் ஆசிரியர் சொல்லும் உதாரணம் 1970. முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தை ஒழிப்பதற்கான திருத்த மசோதா மாநிலங்களவையில் 149-க்கு 75 என்று வந்தது. 224-இல் மூன்றில் இரண்டு பங்கு 149.33. ஒரு வாக்குக்கும் குறைவான பின்னத்தில் மசோதா தோற்றது. ஒரே ஓர் உறுப்பினர் அன்று வேறு மாதிரி முடிவு செய்திருந்தால் அன்றே நிறைவேறியிருக்கும்.

நெசவுத்தெரு

எல்லாம் சரி. ஆனால் பெயர் தெரிந்து என்ன பயன்? இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா உத்தரவு வந்துவிட்டால் எம்.பி.க்கு ஏது சொந்தக் கருத்து? கட்சித் தாவல் தடைச் சட்டம், அதாவது சாசனத்தின் பத்தாவது அட்டவணை, 1985-இல் வந்ததிலிருந்து கட்சி சொன்னபடி வாக்களிக்காவிட்டால் பதவி போய்விடும். வாக்களிக்காமல் சும்மா இருந்தாலும் போய்விடும். ஐநூற்று நாற்பத்து மூன்று பேரின் பட்டியல் என்று நீங்கள் தேடுவது உண்மையில் பத்துப் பதினைந்து கட்சித் தலைமைகளின் பட்டியல். அதைத் தெரிந்துகொள்ள நாளிதழே போதும்.

சட்டம் படிப்பவள்

நெசவுத்தெரு அண்ணா சொல்வதில் பெரும்பகுதி சரி. கட்சி பதினைந்து நாட்களுக்குள் பிழை பொறுத்துக்கொண்டால் தகுதியிழப்பு இல்லை என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதை நம்பி யாரும் வாக்களிப்பதில்லை. கிஹோட்டோ ஹோலோஹன் வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைச் செல்லும் என்றது. அதே தீர்ப்பில், அரசின் பெரும்பான்மையைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளுக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கை சார்ந்தவற்றுக்கும் மட்டும் இதைச் சுருக்கிக்கொள்வது நல்லது என்ற கருத்தையும் சொன்னது. கட்சிகள் அதைக் கேட்கவில்லை. காங்கிரஸ் எம்.பி. மனிஷ் திவாரி இதற்காகத் தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். நிறைவேறவில்லை.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பத்தாவது அட்டவணையின் இந்தப் பகுதி வாக்கைப் பற்றியது. பேச்சைப் பற்றியதல்ல. அவையில் பேசும் உரிமையைச் சாசனத்தின் 105-ஆம் பிரிவு தனியாகக் காக்கிறது. கட்டப்பட்டிருப்பது கை, நாக்கு அல்ல. கட்சி ஒரு பக்கம் இருக்கும்போது தன் பேச்சில் உறுப்பினர் வேறு பக்கம் நின்ற சம்பவங்கள் நம் மாநிலத்திலேயே உண்டு. 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்களை அ.தி.மு.க. அரசு ஆதரித்தது, அதே கட்சியின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியன் மாநிலங்களவையில் அவற்றைக் கடுமையாக விமர்சித்துப் பேசினார். பதவி போகவில்லை.

எனவே கொறடாவைக் காட்டி எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. வாக்கு கட்சியுடையது என்றே வைத்துக்கொள்வோம். பேச்சு, கேள்வி, கொண்டுவரும் திருத்தம், டிவிஷன் கேட்பது ஆகியவை அவருடையவை.

தாமிரபரணி

வேளாண் மசோதா பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. தொலைக்காட்சியில் மாநிலங்களவை நேரலை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்கின்றன, துணைத் தலைவர் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேற்றுகிறார், கூச்சல், காகிதங்கள் பறக்கின்றன, ஒலியே நின்றுபோனது. இருக்கையில் இருந்து கேட்டால்தான் டிவிஷன் தர முடியும் என்பது அவைத் தரப்பின் விளக்கம். தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா தன் இருக்கையில் இருந்துதான் கேட்டார் என்பது அவையின் காணொளியிலேயே தெரிகிறது என்று பத்திரிகைகள் எழுதின. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

நாட்டையே ஓராண்டு உலுக்கிய சட்டங்கள். மாநிலங்களவையில் எந்த உறுப்பினர் ஆதரித்தார், எவர் எதிர்த்தார் என்று பெயர்ப் பதிவு கிடையாது. என் பிள்ளைகள் வளர்ந்து கேட்டால் நான் காட்ட ஒரு பக்கம் இல்லை. திரும்பப் பெறும் மசோதா 2021 நவம்பர் 29 அன்று வந்தது. அதுவும் சில நிமிடங்களில், விவாதம் இன்றி, குரல் வாக்கெடுப்பு.

நெசவுத்தெரு

குரல் வாக்கெடுப்பு என்றாலே மோசடி என்பதுபோல் பேசாதீர்கள். அதே திருச்சி சிவாவின் திருநங்கையர் உரிமை மசோதா, தனிநபர் மசோதா, 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. எதிர்ப்பே இல்லாமல், குரல் வாக்கெடுப்பில். அவை முழுவதும் ஒரே மனதாக இருக்கும்போது பொத்தான் எதற்கு?

தாமிரபரணி

ஒப்புக்கொள்கிறேன். நான் பேசியது கேட்டும் தரப்படாததைப் பற்றி.

வடகரை

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். எல்லோரும் வாக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். நம் ஊர்க் கட்சிகளை ஆண்டாண்டாகக் கவனித்துவரும் எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது வெளிநடப்புதான். மேடையில் அதற்கு "எதிர்த்தோம்" என்று பெயர். கணக்கில் அதற்கு என்ன பெயர் என்று பாருங்கள்.

2019 ஜனவரி 8. பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்குப் பத்து சதவீத இட ஒதுக்கீட்டுக்கான சாசனத் திருத்தம் மக்களவையில். அப்போது தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37 அ.தி.மு.க. கையில். அக்கட்சியின் தம்பிதுரை எழுந்து எதிர்த்துப் பேசினார். நான் முழுவதும் கேட்டேன், சமூகநீதி வரலாற்றோடு சேர்த்து வைத்த வாதம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பேசி முடித்துக் கட்சி வெளிநடப்பு செய்தது. வாக்கு விவரம் 323-க்கு 3. இட ஒதுக்கீட்டின் தாய்வீடு என்று நாம் பெருமைப்படும் மாநிலத்திலிருந்து போன அத்தனை பெரிய அணி அந்த "3"-க்குள் இல்லை. நூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் அந்தப் பக்கத்தைப் புரட்டினால், தமிழ்நாடு எதிர்த்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, அதே ஆண்டு ஜூலை. முத்தலாக் மசோதா. 25-ஆம் தேதி மக்களவையில் அ.தி.மு.க.வின் ஒரே உறுப்பினர் ரவீந்திரநாத் ஆதரித்துப் பேசினார். 30-ஆம் தேதி மாநிலங்களவையில் அதே கட்சியின் நவநீதகிருஷ்ணன் எதிர்த்துப் பேசினார், பிறகு வெளிநடப்பு. 99-க்கு 84 என்று மசோதா நிறைவேறியது. ஐந்து நாள் இடைவெளி. வெளிநடப்பு செய்தால் அவையில் வாக்களிப்போர் எண்ணிக்கை குறையும், பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணும் குறையும். எதிர்த்துப் பேசிவிட்டு வெளியே போவது அந்தக் கணக்கில் ஆளுங்கட்சிக்குச் செய்யும் உதவி.

பொருநை மைந்தன்

வடகரை அவர்களே, ஒரே கட்சியின் உதாரணங்களையே அடுக்குகிறீர்கள். மறுபக்கமும் பேசுங்கள்.

வடகரை

நியாயமான கேள்வி, பேசுகிறேன். 2012 டிசம்பர் 5. சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டுக்கு எதிரான தீர்மானம் மக்களவையில். தி.மு.க. அந்த முதலீட்டை எதிர்ப்பதாகச் சொன்னது. ஆனால் மத்திய அரசு கவிழக் கூடாது என்று சொல்லி அரசின் பக்கம் வாக்களித்தது. தீர்மானம் 218-க்கு 253 என்று தோற்றது. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் அவையில் முதலீட்டைச் சாடிவிட்டு வெளிநடப்பு செய்தன. என் தம்பி பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். அன்று இரவு அவன் என்னிடம் கேட்டது: "எல்லாரும் எனக்காகத்தான் பேசினார்கள். அப்புறம் ஏன் அண்ணே நான் தோற்றேன்?" எனக்கு அன்றும் பதில் இல்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். தி.மு.க. அன்று தன் வாக்கை மறைக்கவில்லை. எதிர்க்கிறோம், ஆனால் இந்தக் காரணத்துக்காக ஆதரித்து வாக்களிக்கிறோம் என்று முன்கூட்டியே சொன்னது. அந்தக் காரணத்தை ஏற்பதும் மறுப்பதும் வாக்காளர் பாடு. குறைந்தது, ஏற்கவோ மறுக்கவோ ஒன்று கையில் இருந்தது.

மாடத்து இருக்கை

வடகரை சொன்னதோடு, நான் மறக்க முடியாத ஒன்று. 2002 மார்ச் 26. பொடா என்ற பயங்கரவாதத் தடுப்பு மசோதாவை மாநிலங்களவை தோற்கடித்துவிட்டதால் இரு அவைகளின் கூட்டுக் கூட்டம். 425-க்கு 296. தே.ஜ. கூட்டணியில் இருந்த தி.மு.க.வும் ம.தி.மு.க.வும் ஆதரித்தன. ம.தி.மு.க.வின் வைகோ அப்போது சிவகாசி எம்.பி. ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் அவர் பேசிய பேச்சுக்காக, ஜூலை 11 அன்று, அதே சட்டத்தின் கீழ் அன்றைய மாநில அரசு அவரைக் கைது செய்தது. பத்தொன்பது மாதங்கள் சிறை.

இதை நான் அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. கூட்டணிக்காகத் தரும் ஒரு வாக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்தப் பத்து விநாடியில் யாராலும் அளக்க முடியாது. சட்டத்துக்குத் தந்த வாக்கு, தந்தவரையும் சேர்த்தே கட்டும். 2004-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

கரிசல்காட்டுக்காரி

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதாவை மாநிலங்களவையில் ஆதரித்த 125 பேரில் அ.தி.மு.க. உறுப்பினர்களும் பா.ம.க. உறுப்பினரும் இருந்தார்கள். 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அச்சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அ.தி.மு.க. எழுதியது. மனம் மாறுவது குற்றமில்லை, மாறட்டும். ஆனால் மாறினோம் என்று ஒரு வரி எழுத வேண்டாமா? டிவிஷன் நடந்ததால்தான் இந்தக் கேள்வியையே என்னால் கேட்க முடிகிறது. வேளாண் மசோதாவில் இப்படிப் பெயர் சொல்லிக் கேட்க முடியாது.

கடல்கடந்தவன்

வெளிநாட்டில் வசிப்பவன். இங்கே எப்படி என்று இரண்டு வரி. பிரிட்டனில் மக்கள் அவையின் வாக்கெடுப்புப் பட்டியல்கள் 1836 முதல் அதிகாரபூர்வமாக வெளியாகின்றன. கொறடா இங்கும் உண்டு, மீறினால் கட்சிக்குள் தண்டனை உண்டு, ஆனால் தொகுதி பறிபோகாது. 2003 மார்ச்சில் ஈராக் போர் வாக்கெடுப்பில் ஆளும் தொழிற்கட்சியின் 139 உறுப்பினர்கள் தங்கள் பிரதமருக்கு எதிராக வாக்களித்தார்கள். அமெரிக்காவில், அவையில் இருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் ஒவ்வொருவர் வாக்கும் பதிவாக வேண்டும் என்று சாசனமே சொல்கிறது. 2001 செப்டம்பர் 14 அன்று படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் 420-க்கு 1. அந்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. கொலை மிரட்டல்கள் வந்தன. அடுத்த தேர்தலில் அவர் தொகுதி அவரை மறுபடியும் அனுப்பியது. அவர் என்ன செய்தார் என்று அந்த மக்களுக்கு ஐயத்துக்கிடமின்றித் தெரிந்திருந்தது.

நெசவுத்தெரு

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. 1999 ஏப்ரல் 17. வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் விழுந்தது. காஷ்மீரின் தேசிய மாநாட்டுக் கட்சி அரசின் பக்கம். அதன் எம்.பி. சைபுதீன் சோஸ் கொறடாவை மீறி எதிர்த்து வாக்களித்தார். கட்சி அவரை நீக்கியது. ஒடிசா முதல்வராகிவிட்ட கிரிதர் கமாங் இன்னும் எம்.பி. பதவியை விடாததால் வந்து வாக்களித்தார், அது பற்றிய வாதம் இன்றுவரை ஓயவில்லை.

நான் முன்பு எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பட்டியல் கட்சித் தலைமைகளுடையதுதான் என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் சோஸ் போல ஒருவர் மீறும்போது அதைக் கண்டுகொள்ளவாவது பெயர்கள் வேண்டும். கொறடா உத்தரவுகளையும் கட்சிகள் வெளியிட வேண்டும் என்பேன். இன்று அது கட்சிக்குள் சுற்றும் கடிதம். எந்த மசோதாவுக்கு உத்தரவு இருந்தது, எதற்கு இல்லை என்று தெரிந்தால்தான் எந்த வாக்கை எம்.பி.யின் கணக்கில் எழுதுவது, எதைத் தலைமையின் கணக்கில் எழுதுவது என்று பிரிக்க முடியும்.

சட்டம் படிப்பவள்

பட்டியலைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. அவையின் மின்னணுப் பலகையில் முதலில் வரும் எண் இறுதி எண் அல்ல, "திருத்தத்துக்கு உட்பட்டது" என்றுதான் அறிவிப்பார்கள். 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை அறிமுகப்படுத்தும்போது மின்னணு முறையில் முதலில் வந்தது 220-க்கு 149. வாக்குச் சீட்டுகளையும் சேர்த்த பிறகு 269-க்கு 198. கிட்டத்தட்ட நூறு பேர் சீட்டில் வாக்களித்திருக்கிறார்கள். முதல் படத்தை மட்டும் பார்த்து "எங்கள் எம்.பி. வரவே இல்லை" என்று எழுதிவிட்டால் ஒருவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். விவாதப் பதிவின் பெயர்ப் பட்டியலின் அடிக்குறிப்புவரை படியுங்கள்.

வைகைக்கரையான்

பத்து நாட்கள் இந்தப் பக்கம் வரவில்லை. மாடத்து ஐயா சொன்ன வழியில், அந்த அவைக்காலத்தில் டிவிஷன் நடந்த நாட்களை மட்டும் தேடி எடுத்தேன். எங்கள் எம்.பி.யின் பெயரை ஒவ்வொரு பட்டியலிலும் பேனாவால் வட்டமிட்டேன். பெரும்பாலானவற்றில் இருக்கிறது, கட்சி நின்ற பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நாளில் மட்டும் விவாதத்தில் பேசியிருக்கிறார், ஆதரித்தோர் பட்டியலிலும் இல்லை, எதிர்த்தோர் பட்டியலிலும் இல்லை, அடிக்குறிப்பிலும் இல்லை. கட்சி அன்று வெளிநடப்பு செய்யவில்லை. அவர் கட்சியைச் சேர்ந்த மற்றவர்கள் பெயர்கள் இருக்கின்றன.

நேற்று அவருடைய தொகுதி அலுவலகத்துக்குப் போனேன். மின்இணைப்பு, முதியோர் உதவித்தொகை, சிகிச்சைக்கான பரிந்துரைக் கடிதம் என்று வரிசையில் இருபது பேர். எல்லாம் நியாயமான தேவைகள். அவர்களுக்கு முன்னால் என் காகிதத்தை நீட்ட எனக்கே தயக்கமாகத்தான் இருந்தது. என் முறை வந்ததும் உதவியாளர் மனுவா என்று கேட்டார். இல்லை, கேள்வி என்றேன். இரண்டு கேள்விகள் எழுதியிருந்தேன். ஒன்று, சாதனைப் புத்தகத்தில் சொன்ன மசோதாவில் எதிர்த்துப் பேசிய பிறகு டிவிஷன் கேட்டீர்களா, கேட்கவில்லை என்றால் ஏன். இரண்டு, இந்த நாளில் பேசிய நீங்கள் வாக்களிக்கும்போது எங்கே இருந்தீர்கள்.

உதவியாளர் முகம் சுளிக்கவில்லை. பட்டியலைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். இப்படி ஒரு பக்கம் இருக்கிறதா, எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். காட்டினேன். தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். உடல்நலக் காரணமாக இருக்கலாம், கேட்டுச் சொல்கிறேன் என்றார். இருக்கலாம், அப்படியென்றால் அதை எழுதித் தாருங்கள், அடுத்த சாதனைப் புத்தகம் வரும்போது நானே அதை மற்றவர்களிடம் சொல்வேன் என்றேன். வியாழக்கிழமை எம்.பி. ஊருக்கு வருகிறாராம், வரச் சொல்லியிருக்கிறார்.

மாடத்து இருக்கை

தம்பி, போகும்போது மூலப் பதிவின் பக்கத்தையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போ. பத்திரிகைச் செய்தியைக் கொண்டு போகாதே, அதைத் தட்டிக்கழிப்பார்கள். பேச்சு, வாக்கு இரண்டும் ஒரே நாளின் பதிவில் இருக்கட்டும்.

கரிசல்காட்டுக்காரி

அண்ணா, எங்கள் தொகுதிக்கும் இதே வேலையைத் தொடங்கியிருக்கிறேன். டிவிஷன் நடந்த நாட்களின் தேதிகளை இங்கே போட்டால் மற்றவர்கள் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை.

வைகைக்கரையான்

இன்று இரவு போடுகிறேன், தங்கையே. வியாழக்கிழமை என்ன பதில் வந்தாலும் அதையும் அப்படியே எழுதுகிறேன்.